ஒரு தடவை ஓடிய ஜெனரேட்டர் மறுபடி ஏன் ஓடுவதில்லை?

கேள்வி: பைத்தானில் ஒரு ஃபங்ஷனில் ரிட்டர்னுக்குப் பதில் யீல்ட் போட்டு, அது தருவதை ஒரு வேரியபிளில் வைத்திருக்கிறேன். முதல் ஃபார் லூப்பில் எல்லாம் சரியாக வருகிறது. அதே வேரியபிளை இரண்டாவது லூப்பில் ஓட்டினால் ஒன்றும் வரவில்லை, எர்ரரும் இல்லை. லிஸ்ட்டில் இப்படி ஆவதில்லையே, ஏன்? ஜெனரேட்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது?

பதில்:

லிஸ்ட் என்பது அடுக்கி வைத்த சரக்கு. உங்கள் வேரியபிளில் இருப்பதோ பாதியில் நிறுத்திவைத்த ஒரு வேலை. அந்த வேலை முதல் லூப்பிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது லூப் வந்து கேட்டபோது "முடிந்தது" என்ற பதில்தான் கிடைத்தது. அந்தப் பதிலை ஃபார் லூப் பிழையாக எடுத்துக்கொள்ளாது, வழக்கமான முடிவாகவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சத்தமில்லாமல் போனது.

இது விளங்க, முதலில் ஃபார் லூப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் அதற்கு அப்புறம்.

எண்கள் = [10, 20, 30] என்று ஒரு லிஸ்ட். அதன்மேல் ஃபார் ஓட்டும்போது பைத்தான் முதலில் இட்டர்(எண்கள்) என்று ஒரே ஒரு முறை கூப்பிடுகிறது. அது தருவது லிஸ்ட்டை அல்ல, லிஸ்ட்டில் எந்த இடம்வரை வந்தோம் என்று நினைவில் வைத்திருக்கும் சின்ன ஆப்ஜெக்ட் ஒன்றை. அதுதான் இட்டரேட்டர். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அதன்மேல் நெக்ஸ்ட்() கூப்பிடுகிறது: 10, 20, 30. நான்காவது தடவை ஸ்டாப்இட்டரேஷன் என்ற எக்செப்ஷன் எழும்புகிறது. ஃபார் அதைப் பிடித்துக்கொண்டு லூப்பை முடிக்கிறது. நீங்களே பைத்தான் ஷெல்லில் இட்டர், நெக்ஸ்ட் இரண்டையும் கையால் கூப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

லிஸ்ட் இட்டரபிள், அதிலிருந்து கேட்கும்போதெல்லாம் ஒரு புது இட்டரேட்டர் பிறக்கும். லிஸ்ட் புத்தகம் என்றால் இட்டரேட்டர் அதில் செருகிய அடையாள நூல். ஒரே புத்தகத்தில் பத்துப் பேர் பத்து நூல் செருகலாம், யாரும் யாரையும் தொந்தரவு செய்யமாட்டார்கள். இட்டரேட்டரிடம் போய் இட்டர்() கேட்டால் புதிதாக எதுவும் தராது. தன்னையே திருப்பித் தரும். ஜெனரேட்டர் இந்த இரண்டாவது ரகம். உங்கள் பிரச்சினையின் வேர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கையில் இருப்பது எந்த ரகம் என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை போதும்: இட்டர்(க) இஸ் க. ட்ரூ வந்தால் ஒரு தடவைதான் ஓடும். ஃபால்ஸ் வந்தால் அநேகமாக எத்தனை தடவையும் ஓட்டலாம்.

இதை வைத்துப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் வரும். ரேஞ்ச்(5) இட்டரேட்டர் அல்ல. அதன்மேல் நேரடியாக நெக்ஸ்ட் போட்டால் டைப்எர்ரர். எனவே ரேஞ்ச்சை எத்தனை முறையும் சுற்றலாம். மேப், ஃபில்டர், ஜிப், எனுமரேட், ரிவர்ஸ்டு, திறந்துவைத்த ஃபைல், சிஎஸ்வி ரீடர் இவையெல்லாம் ஒரு தடவை ரகம். மேப், ஃபில்டர், ஜிப் மூன்றும் பைத்தான் 2-இல் லிஸ்ட் தந்தவை. பழைய கோடை பைத்தான் 3-க்குக் கொண்டுவந்து, இரண்டாவது லூப் காலியாக வருகிறதென்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

இரண்டு லூப்பை ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே ஜெனரேட்டர்மேல் ஓட்டினால் இன்னும் வேடிக்கை. 1, 2, 3 தரும் ஜெனரேட்டர் என்று வையுங்கள். ஒன்பது ஜோடிகளை எதிர்பார்ப்பீர்கள். வருவது (1, 2), (1, 3) இரண்டு மட்டும். வெளி லூப் 1-ஐ எடுத்தது, உள் லூப் மீதி இரண்டையும் தின்றுவிட்டது, வெளி லூப் திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் காலி.

இனி யீல்ட்.

ஒரு ஃபங்ஷனுக்குள் எங்காவது யீல்ட் என்ற சொல் இருந்தால், அது சாதாரண ஃபங்ஷன் இல்லை என்று பைத்தான் கம்பைல் செய்யும்போதே முடிவு செய்துவிடுகிறது. அதைக் கூப்பிட்டால் உள்ளே இருக்கும் ஒரு வரிகூட ஓடாது. ஒரு ஜெனரேட்டர் ஆப்ஜெக்ட் மட்டும் கைக்கு வரும். முதல் நெக்ஸ்ட் வரும்போதுதான் முதல் வரி தொடங்கும். யீல்ட் வந்த இடத்தில் மதிப்பை வெளியே கொடுத்துவிட்டு அப்படியே நிற்கும். சாதாரண ஃபங்ஷன் ரிட்டர்ன் ஆனதும் அதன் லோக்கல் வேரியபிள்கள் எல்லாம் போய்விடும். ஜெனரேட்டரில் அவை போவதில்லை. எந்த வரியில் நின்றோம் என்பதோடு சேர்த்து அந்த ஃப்ரேம் (ஓடும் ஃபங்ஷனின் நிலையை வைத்திருக்கும் இடம்) முழுவதும் ஜெனரேட்டர் ஆப்ஜெக்ட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அடுத்த நெக்ஸ்ட் வந்ததும், நின்ற யீல்டுக்கு அடுத்த அடியிலிருந்து தொடரும்.

பொதுவாக இதற்கு ஃபிபோனாச்சியைக் காட்டுவார்கள். தமிழில் வேலை செய்பவர்களுக்கு அதைவிட உபயோகமான ஒன்று இருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லை ஃபார் லூப்பில் சுற்றினால் எத்தனை வரும்? மூன்று அல்ல, ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானின் ஸ்ட்ரிங் யூனிகோட் குறிகளைத்தான் ஒவ்வொன்றாகத் தரும், நாம் எழுத்து என்று எண்ணுவதை அல்ல. லென் கேட்டாலும் 5 என்றே சொல்லும். குறிகளைச் சேர்த்து எழுத்தாகத் தரும் ஜெனரேட்டர் ஒன்றை எழுதுவோம். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் காட்டியிருக்கிறேன், தட்டும்போது அவற்றை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

டெஃப் எழுத்துகள்(உரை):
    கையில் = ""
    ஃபார் குறி இன் உரை:
        இஃப் கையில் அண்ட் நாட் ஒட்டுக்குறியா(குறி):
            யீல்ட் கையில்
            கையில் = ""
        கையில் += குறி
    இஃப் கையில்:
        யீல்ட் கையில்

ஒட்டுக்குறியா என்பது நாமே எழுதும் ஒரு வரி ஃபங்ஷன்: யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள கேட்டகரி ஃபங்ஷன் அந்தக் குறிக்குத் தரும் இரண்டெழுத்து வகைப்பெயர் "எம்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் ட்ரூ. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வகையில் வரும். ஆய்தம் வராது, அது தனி எழுத்தாகவே நிற்கும், அதுதான் நமக்கும் வேண்டும்.

இப்போது "தமிழ்" கொடுத்து ஒவ்வொரு நெக்ஸ்ட்டாகப் பார்ப்போம். முதல் நெக்ஸ்ட்: த கையில் ஏறுகிறது. அடுத்து ம வருகிறது. அது ஒட்டுக்குறி இல்லை, எனவே "த" வெளியே போகிறது. ஃபங்ஷன் நின்ற நிலையில் கையில் = "த", குறி = "ம". "த" வெளியே வருவதற்கே "ம"வை எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததைக் கவனியுங்கள். இரண்டாவது நெக்ஸ்ட்: யீல்டுக்கு அடுத்த வரி ஓடி கையில் காலியாகிறது, "ம" ஏறுகிறது, இகரக் குறி ஒட்டிக்கொண்டு "மி" ஆகிறது, "ழ" வந்ததும் "மி" வெளியே போகிறது. மூன்றாவது: "ழ" ஏறிப் புள்ளி ஒட்டுகிறது, உரை தீர்ந்து லூப் முடிகிறது, கடைசி இஃப் "ழ்" என்பதைத் தருகிறது. நான்காவது நெக்ஸ்ட்: ஃபங்ஷனின் அடிவரை போய்ச் சேர்ந்தாயிற்று, ஸ்டாப்இட்டரேஷன்.

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிட்டால் என்ன ஆகும்? "த", "மி" இரண்டும் வரும், "ழ்" காணாமல் போகும். எர்ரர் வராது. ஒன்றைப் பார்த்து முந்தியதைத் தரும் எந்த ஜெனரேட்டரிலும் அதிகமாக நடக்கும் தவறு இதுதான்: கையில் மிச்சம் இருப்பதைக் கொடுக்க மறப்பது. நூறு நூறாகப் பிரித்துத் தரும் ஜெனரேட்டரில் 250 வரி கொடுத்தால் 200 மட்டும் வருவதும் இதே தவறுதான்.

இந்த ஃபங்ஷனின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இது இரண்டிரண்டாகப் பிரிக்கும், அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறி சில ஃபைல்களில் ஒரே குறியாகவும், சிலவற்றில் ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒப்பிட்டால் ஈடாகாது; எனவே உரையை முதலில் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்துவிட்டு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) உள்ளே அனுப்புவது நல்லது.

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும், லிஸ்ட்டாகவே கொடுத்தால் என்ன என்றால், காரணம் மெமரி. வழக்கமான 64 பிட் சிபைத்தானில் (நாம் சாதாரணமாக நிறுவும் பைத்தான்) 10 லட்சம் முழு எண்கள் கொண்ட லிஸ்ட், எண் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளுக்கு மட்டும் ஒன்றுக்கு 8 பைட் வீதம் ஏறத்தாழ 8 எம்பி பிடிக்கும். எண்கள் தனி, ஒவ்வொன்றும் 28 பைட், ஆக இன்னொரு 28 எம்பி. ஜெனரேட்டர் ஆப்ஜெக்ட் சில நூறு பைட்டுக்குள் முடிந்துவிடும், பத்து எண் தந்தாலும் பத்துக் கோடி தந்தாலும். ஆனால் சிஸ்.கெட்சைஸ்ஆஃப் கொண்டு இரண்டையும் ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது லிஸ்ட்டின் சுட்டிகளை மட்டுமே கணக்கில் எடுக்கும், உள்ளே இருப்பவற்றை அல்ல. உண்மையான வித்தியாசம் அது காட்டுவதைவிடப் பெரிது.

வேகத்துக்காக ஜெனரேட்டர் என்று நினைக்காதீர்கள். சின்ன அளவில் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (சதுர அடைப்புக்குள் ஃபார் எழுதி லிஸ்ட் செய்வது) பெரும்பாலும் ஜெனரேட்டரைவிட வேகம்தான், ஏனென்றால் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு ஃப்ரேமுக்குள் போய்வரும் செலவு ஜெனரேட்டரில் உண்டு. ஜாயினுக்குள் ஜெனரேட்டரைக் கொடுப்பதிலும் லாபம் இல்லை. அது முதலில் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துக்கொண்டுதான் ஒட்டத் தொடங்கும். சார்ட்டடும் அப்படியே. சம், எனி, ஆல், மேக்ஸ் போன்றவற்றில்தான் ஜெனரேட்டருக்கு மரியாதை. அதிலும் எனி, ஆல் இரண்டும் விடை தெரிந்த நொடியே நிறுத்திவிடும். மீதியைக் கணக்கிடவே மாட்டா.

ஜெனரேட்டரின் முழுப் பலன் அவற்றைத் தொடராகக் கோக்கும்போது தெரியும். ஒன்று ஃபைலிலிருந்து வரிகளைத் தரும், அடுத்தது காலி வரிகளை விலக்கும், அதற்கடுத்தது வரியைச் சொற்களாக உடைக்கும், கடைசியில் கவுன்ட்டர் எண்ணும். 5 ஜிபி ஃபைல் ஆனாலும் எந்த நேரத்திலும் மெமரியில் இருப்பது ஏறத்தாழ ஒரு வரியும் கவுன்ட்டரும்தான். இங்கே இழுப்பது கடைசி ஆள். அவர் கேட்டால்தான் முன்னால் இருப்பவர் தன் முன்னவரைக் கேட்பார். தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல: கேட்டால்தான் அடுத்தது ஊற்றப்படும், தட்டில் அடுக்கு சேராது.

சோம்பலாக ஓடும் இந்தக் குணமே சிக்கல்களுக்கும் தாய். அடிக்கடி வரும் சிலவற்றைச் சொல்கிறேன்.

வித் ஓப்பன் போட்டு ஃபைலைத் திறந்து, அதே பிளாக்குக்குள் ரிட்டர்ன் போட்டு ஒரு ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷனைத் (லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனையே வட்ட அடைப்புக்குள் எழுதினால் கிடைக்கும் ஜெனரேட்டர்) திருப்பித் தருவது. வெளியே வந்து லூப் ஓட்டும்போது, மூடிய ஃபைலைப் படிக்கப் பார்க்கிறாய் என்று வேல்யூஎர்ரர் வரும். ரிட்டர்ன் ஆனபோதே வித் ஃபைலை மூடிவிட்டது, படிக்கும் வேலையோ இன்னும் தொடங்கவே இல்லை. தீர்வு: வித்துக்குள் ஃபார் போட்டு ஒவ்வொன்றாக யீல்ட் செய்யுங்கள். அப்போது ஜெனரேட்டர் உயிரோடு இருக்கும்வரை ஃபைலும் திறந்திருக்கும்.

ஆர்க்யுமென்ட் சோதனை. ஜெனரேட்டரின் முதல் வரியில் "அளவு 0 என்றால் வேல்யூஎர்ரர் எழுப்பு" என்று எழுதியிருப்பீர்கள். தப்பான அளவு கொடுத்துக் கூப்பிட்டால் அந்த இடத்தில் எதுவும் நடக்காது. எங்கோ நூறு வரி தள்ளி முதல் நெக்ஸ்ட் வரும்போது வெடிக்கும். சோதனையைச் சாதாரண ஃபங்ஷனில் வைத்து, அதற்குள் ஒரு உள் ஜெனரேட்டரை எழுதி அதைக் கூப்பிட்டு ரிட்டர்ன் செய்தால், தப்பு செய்த இடத்திலேயே பிடிபடும்.

இன் ஆபரேட்டர். ஜெனரேட்டரில் 3 இருக்கிறதா என்று கேட்பதும் அதைத் தின்பதுதான். 3 கிடைக்கும்வரை எடுத்துப் பார்த்தவை எல்லாம் போயின, 3-உம் சேர்த்து. இல்லாத ஒன்றைத் தேடினால் முழுவதும் காலி. அதேபோல இஃப் ஜெனரேட்டர் என்று காலியா எனச் சோதிக்க முடியாது, எப்போதும் ட்ரூதான். லென்னும் கிடையாது.

ஜிப்பில் ஒரு உறுப்பு களவு போகும். முதலில் கொடுத்த இட்டரேட்டர் நீளம், இரண்டாவது குட்டை என்றால், ஜிப் முதலாவதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இரண்டாவது தீர்ந்ததைக் கண்டுபிடிக்கும். எடுத்தது திரும்பாது. நிபந்தனை பொருந்தும்வரை மட்டும் மதிப்புகளைத் தரும் டேக்வைலும் இப்படித்தான், நிபந்தனை உடைந்த அந்த முதல் மதிப்பை விழுங்கிவிடும். நீளம் ஒத்திருக்க வேண்டும் என்றால் பைத்தான் 3.10 முதல் ஜிப்புக்கு ஸ்ட்ரிக்ட்=ட்ரூ கொடுக்கலாம், ஒத்துவராவிட்டால் எர்ரர் தரும்.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே கொள்கலனை மாற்றுவது. டிக்‌ஷனரியில் சேர்த்தாலோ நீக்கினாலோ, சுற்றும்போது அளவு மாறிவிட்டது என்று ரன்டைம்எர்ரர் வந்து காப்பாற்றும். லிஸ்ட் அந்த உதவியைச் செய்யாது. அதன் இட்டரேட்டர் இடத்தின் எண்ணை மட்டுமே வைத்திருக்கிறது. இப்போதைய உறுப்பை நீக்கினால் மீதி ஒரு இடம் முன்னால் நகர்ந்துவிடும், அடுத்தது பார்க்கப்படாமலே தாண்டப்படும். [1, 2, 2, 3]-இல் 2-களை லூப்புக்குள் நீக்கினால் ஒரு 2 தப்பித்துக்கொள்ளும்.

ஜெனரேட்டருக்குள் நெக்ஸ்ட் கூப்பிடுவது. உள்ளே இருக்கும் இட்டரேட்டர் தீர்ந்து ஸ்டாப்இட்டரேஷன் எழுந்தால், முன்பெல்லாம் அது வெளியே கசிந்து, உங்கள் ஜெனரேட்டரே முடிந்துவிட்டதாக லூப் நம்பிவிடும்; தரவில் பாதி காணாமல் போனதே தெரியாது. 2018-இல் வந்த பைத்தான் 3.7 முதல் அது ரன்டைம்எர்ரராக மாற்றப்படுகிறது. எரிச்சலாக இருந்தாலும் நல்ல மாற்றம். நெக்ஸ்ட்டுக்கு இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக ஒரு இயல்பு மதிப்பைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

யீல்டின் வரலாறு பைத்தானில் தொடங்கவில்லை. 1970-களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய சிஎல்யூ மொழியிலேயே இட்டரேட்டரும் யீல்டும் இருந்தன. பைத்தானுக்கு 2001-இல் 2.2 பதிப்பில் வந்தது. ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் 2.4-இல். 2.5-இல் சென்ட், த்ரோ, குளோஸ் சேர்ந்தன: அதாவது நிற்கும் ஜெனரேட்டருக்குள் வெளியிலிருந்து மதிப்பை அனுப்பலாம். முதல் யீல்டுக்கு வந்து சேராத ஜெனரேட்டருக்கு, "ஒன்றுமில்லை" என்பதைக் குறிக்கும் நன் என்ற மதிப்பைத் தவிர வேறெதையும் சென்ட் செய்ய முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அன்றாட வேலையில் சென்ட் தேவைப்படுவது மிக அபூர்வம். தேவைப்படுகிறது என்று தோன்றினால் ஒரு கிளாஸ் எழுதுவது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். 3.3-இல் வந்த யீல்ட் ஃப்ரம் வேறு விஷயம், அது நிஜமாகவே உபயோகமானது. உள்ளே உள்ள இன்னொரு ஜெனரேட்டர் தருவதையெல்லாம் ஒரே வரியில் கடத்திவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று மரமாக இறங்கும் ரிகர்சிவ் கோடில் இது இல்லாமல் எழுதினால் அசிங்கமாக இருக்கும்.

இப்போது உங்கள் கோடுக்கு வருவோம். மூன்று வழி.

தரவு சிறிது என்றால் லிஸ்ட்(ஜெனரேட்டர்) என்று ஒரு தடவை லிஸ்ட்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இரண்டு தடவை சுற்ற வேண்டும், நீளம் வேண்டும், நடுவிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் லிஸ்ட்தான் சரியான கருவி.

தரவு பெரிது என்றால் ஃபங்ஷனை இரண்டாவது லூப்புக்கு மறுபடி கூப்பிடுங்கள். வேரியபிளில் ஜெனரேட்டரைச் சேமித்ததுதான் தவறு. உங்கள் ஃபங்ஷனின் பெயர் வரிகள், அது வாங்குவது ஃபைலின் பாதை என்று வைத்துக்கொண்டால், வரிகள்(பாதை) என்று லூப்பிலேயே நேராக எழுதினால் ஒவ்வொரு முறையும் புதிது பிறக்கும்.

வேறொருவரின் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறீர்கள், அது எத்தனை தடவை சுற்றும் என்று தெரியாது என்றால், ஒரு சின்ன கிளாஸ். பாதையை இனிட்டில் வாங்கி வைத்து, டண்டர் இட்டர் மெத்தடை (பெயரின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு) ஒரு ஜெனரேட்டராக எழுதுங்கள், அதாவது அதற்குள் யீல்ட் போடுங்கள். இப்போது ஒவ்வொரு ஃபாரும் இட்டர் கேட்கும்போது புது ஜெனரேட்டர் ஒன்று கிடைக்கும். லிஸ்ட் நடந்துகொள்ளும் அதே முறை, மெமரிச் செலவு மட்டும் இல்லை.

இட்டர்டூல்ஸில் டீ என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது ஒரு இட்டரேட்டரை இரண்டாகப் பிரித்துத் தரும். ஆனால் ஒன்று முன்னே ஓடினால் மற்றது வரும்வரை இடையில் உள்ளதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும். உங்கள் கோடில் முதல் லூப் முழுவதும் முடிந்த பிறகே இரண்டாவது தொடங்குகிறது, எனவே மொத்தத் தரவும் டீயின் வயிற்றில் போய்ச் சேரும். அதற்கு லிஸ்ட்டே மேல்.

கடைசியாக, திருத்தும்போது இந்த மாதிரி எழுதிவிடாதீர்கள்: ஒரே ஃபங்ஷனில் "சிறியது என்றால் லிஸ்ட்டை ரிட்டர்ன் செய், பெரியது என்றால் யீல்ட் செய்" என்று இரண்டையும் கலப்பது. யீல்ட் இருக்கும் வரி ஓடாவிட்டாலும் ஃபங்ஷன் முழுவதும் ஜெனரேட்டர்தான். ரிட்டர்ன் செய்த லிஸ்ட் ஸ்டாப்இட்டரேஷனின் வேல்யூவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஃபார் லூப் அதை எட்டிப் பார்க்காது. மறுபடி அதே காலி லூப், மறுபடி எர்ரர் இல்லை. இரண்டு வகையும் வேண்டும் என்றால் இரண்டு ஃபங்ஷனாகப் பிரித்து, மேலே ஒரு சாதாரண ஃபங்ஷன் எதைக் கூப்பிடுவதென்று முடிவு செய்யட்டும்.